தண்ணீரும் புகையும் போகும் ஒரே வழி

ஸ்டெர்ன்டிரைவ் படகு ஒன்றின் இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தால், அத்தொழிலில் ஊறிய மெக்கானிக் படகின் அடியில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பதில்லை. புகை வெளியேறும் வழியைத்தான் முதலில் கழற்றிப் பார்க்கிறார். காரின் சைலன்சர் ஓட்டையானால் சத்தம் கூடும், புகை நாறும், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் ஆகாது. படகிலோ அதே பாகம் பழுதானால் இஞ்சினே போய்விடக்கூடும், ஏனெனில் படகின் புகைவழியில் புகையோடு தண்ணீரும் சேர்ந்து ஓடுகிறது. அமெரிக்காவில், முதலில் மிச்சிகன் மாநிலத்து நன்னீர் ஏரிகளிலும் பிறகு ஃப்ளோரிடாவின் உப்புநீர்க் கரையிலும் இத்தகைய படகுகளைப் பல பத்தாண்டுகள் பழுதுபார்த்த இக்கட்டுரையாளர் கண்ட முடிவு ஒன்றுதான்: புகைவழிப் பாகங்களைப் பழுதான பிறகு மாற்றுவது காலங்கடந்த வேலை, அவற்றை வயது பார்த்து மாற்ற வேண்டும், அந்த வயதைக் கணிப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி.

இந்தப் படகுகளில் இஞ்சின் உள்ளே, பின்சுவரை ஒட்டி அமர்ந்திருக்கும். புரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவ் என்னும் கால்பகுதி அச்சுவருக்கு வெளியே தண்ணீரில் இறங்கி நிற்கும், ஓட்டுபவர் திருப்பும் பக்கம் திரும்பும், ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கப்படும். படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விப்பதுதான் பெரும்பாலான படகுகளில் உள்ள ஏற்பாடு. இம்பெல்லர் எனப்படும், ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் அந்நீரை மேலேற்ற, அது இஞ்சினைச் சுற்றிவந்து மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புப் பெட்டி. அதற்கு இரட்டைச் சுவர் உண்டு, உள்ளறையில் புகை ஓட, அதைச் சூழ்ந்த வெளியறையில் தண்ணீர் ஓடும். அதன் தலைமேல் பொருத்தப்படும் ரைசர், புகையை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கிப் பிறகு கீழ்நோக்கி வளைத்துவிடும். இதன் வளைந்த முனையை எல்போ என்பார்கள். எல்போவின் வாயில்தான் தண்ணீரும் புகையும் முதன்முறையாகக் கலக்கின்றன, அந்தக் கலப்பில் சூடு தணிவதால்தான் அதற்கப்பால் ரப்பர் குழாய்கள் புகையைத் தாங்க முடிகிறது. இரு பக்கத்து எல்போக்களிலிருந்து வருபவை ஒய் வடிவக் குழாயில் சேர்ந்து, பின்சுவரைக் கடந்து, மடிப்பு மடிப்பான ரப்பர்த் துருத்தி வழியாக டிரைவுக்குள் இறங்கி, புரொப்பெல்லரின் நடுத்துளை வழியாக நீருக்கடியில் வெளியேறுகின்றன.

இந்த அமைப்பு ஒரே நாளில் பிறந்ததல்ல. 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் அக்வாமேட்டிக் என்ற பெயரில் 80 குதிரைத்திறன் கொண்ட ஸ்டெர்ன்டிரைவை வெளியிட்டது. அதன் பின்னணியில் இருந்த ஜிம் வின் அதற்கு முன் அமெரிக்காவின் மெர்குரி நிறுவனத்தில் பணியாற்றியவர். மெர்குரி தன் ஸ்டெர்ன்டிரைவை மெர்குரூசர் என்ற பெயரில் 1961-இல் சிகாகோவில் காட்டியது. காருக்காக வார்க்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சின்களை வாங்கி, படகுக்கு ஏற்ற மேனிஃபோல்டையும் ரைசரையும் மாட்டி விற்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. இதில் ஒரு சிக்கல் உண்டு: இஞ்சினின் உட்பகுதி கார் உலகத்தில் நன்கு சோதிக்கப்பட்டது, பல்லாயிரம் மைல் ஓடும் ஆயுள் கொண்டது, அதைச் சுற்றி மாட்டப்பட்ட புகைவழியோ கார் அறியாத ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே நீண்ட ஆயுள் கொண்ட இஞ்சினின் தலைவிதியைக் குறைந்த ஆயுள் கொண்ட ஒரு வார்ப்பு தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. பழைய பட்டறைகளில் கழித்துப் போடப்பட்ட இஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தால், தேய்ந்து செத்தவற்றைவிடத் துருவேறிச் செத்தவையே மிகுதியாக இருந்தன.

உப்புநீர் வார்ப்பிரும்பை உள்ளிருந்து அரிக்கிறது என்பதுதான் இங்கே எல்லாத் தொல்லைக்கும் வேர். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே சுவர் மெலிந்துகொண்டே வரும், உதிர்ந்த துருச் செதில்கள் நீர்த்துளைகளை அடைக்கும், அடைபட்ட இடத்தில் சூடு ஏறும், சூடு ஏறிய இடத்தில் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். கடல்நீரை நேரடியாகச் சுற்றவிடும் இஞ்சின்களில் ரைசர்களை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும், மேனிஃபோல்டுகளை அதற்குச் சற்றுப் பின்னோ அதனுடனேயோ மாற்ற வேண்டும் என்பது கரையோரப் பட்டறைகளின் வழக்குக் கணக்கு. நன்னீரிலேயே வாழ்ந்த படகுகளில் அதே பாகங்கள் பத்து ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டும். உப்புநீர் இஞ்சின்களின் தெர்மோஸ்டாட் 140 முதல் 160 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் திறக்கும்படி, கார்களைவிடக் குறைந்த சூட்டில் வைக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்; சூடு கூடினால் நீரிலுள்ள உப்பு பிரிந்து சுவர்களில் படியத் தொடங்கிவிடும்.

ஃப்ளோரிடாப் பட்டறைகளுக்குக் கோடைதோறும் வந்துசேரும் ஒரு வகைப் படகை எடுத்துக்கொள்ளலாம். போன ஞாயிறு குடும்பத்தோடு சென்று வந்தபோது ஒரு குறையும் இல்லை, இந்தச் சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே ஒலியோடு இஞ்சின் நின்றுவிடுகிறது என்று உரிமையாளர் சொல்வார். பேட்டரி போயிருக்கும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் போயிருக்கும் என்ற முடிவோடு, சில வேளைகளில் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டும் வந்திருப்பார். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். எட்டில் ஆறோ ஏழோ வழக்கமான பழுப்பு நிறத்தில் இருக்க, மிஞ்சியவற்றின் நுனியில் செந்துரு பூத்திருக்கும். பிளக் துளைகள் திறந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் துருவேறிய பிளக்கின் சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஆகவே பிஸ்டன் மேலேற வழியின்றி நின்றதுதான் அந்த ‘டக்’ ஒலி. இதை ஹைட்ரோலாக் என்பார்கள். பிடிவாதமாக மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பியவர்களின் இஞ்சினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தே போயிருக்கும்.

இத்தகைய வேளையில் விரைவே மருந்து என்பது அனுபவம் கற்பித்த பாடம். தண்ணீர் புகுந்த அன்றே பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் தெளித்து, பால் கலந்த காபி போல வெளுத்துப்போன இஞ்சின் ஆயிலை நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்றி, இஞ்சினை நன்கு சூடேறும்வரை ஓடவிட்டால் பல இஞ்சின்கள் பிழைத்துவிடும். ஒரு வாரம் அப்படியே கிடந்தால் சிலிண்டர் சுவரில் துருவேறி, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டு, இஞ்சினைப் பிரித்துக் கடைசல் பட்டறைக்கு அனுப்பவேண்டி வரும். ஆனால் இஞ்சினைப் பிழைக்கவைத்துவிட்டு, தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் படகைத் திருப்பி அனுப்புவது பயனற்றது. அதே படகு அதே நோயோடு இரண்டொரு வாரத்தில் மறுபடி வாசலில் நிற்கும்.

வழி எங்கே என்பது ரைசரைக் கழற்றினால் தெரியும். பழைய வார்ப்புகளில் ரைசரும் மேனிஃபோல்டும் சேரும் தட்டையான முகத்தில், நடுவே புகைக்கான பெரிய துளையும் அதைச் சூழ்ந்து தண்ணீருக்கான சிறு துளைகளும் இருக்கும். இரண்டையும் பிரிப்பது சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இரும்பு விளிம்பும் அதன்மேல் அமர்ந்த கேஸ்கட்டும் மட்டுமே. கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, முகத்தைக் கம்பித்தூரிகையால் தேய்த்துப் பார்த்தால், தண்ணீர்த் துளையிலிருந்து புகைத்துளையை நோக்கி ஒரு சிறு பள்ளம் அரித்துச் சென்றிருப்பது தெரியும். அப்பள்ளத்தின் அருகே புகைக்கரி கறுப்பாக இல்லாமல் செம்மண் நிறக் கோடாக வழிந்து, மேனிஃபோல்டின் உள்ளே கீழ்நோக்கி இறங்கியிருக்கும். ஓடும்போது புகையின் அழுத்தம் தண்ணீரை ஓரளவு வெளியே தள்ளிவிடுகிறது; இஞ்சினை நிறுத்தியதும் ரைசரில் தேங்கிய நீர் அப்பள்ளத்தின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, திறந்து நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி சிலிண்டரை அடைகிறது. ஞாயிறு நன்றாக ஓடிய படகு சனிக்கிழமை ஓடாததன் காரணம் இதுவே.

கழற்றாமலே நிலையை அறிய முடியாதா என்பது ஒவ்வொரு உரிமையாளரும் கேட்கும் கேள்வி. முன்பெல்லாம் ஓடும் இஞ்சினின் எல்போமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கை தாங்குகிற சூடு இருந்தால் நீரோட்டம் உண்டு என்று பொருள். பிறகு வந்த அகச்சிவப்பு வெப்பமானி இரு பக்கத்து எல்போக்களையும் ஒப்பிட உதவியது. ஒரு பக்கம் மட்டும் சூடாகக் காட்டினால் அப்பக்கத்து நீர்த்துளைகள் அடைபட்டிருக்கின்றன என்பது உறுதி. ஆனால் வெப்பமானி அடைப்பைத்தான் காட்டும், மெலிந்த சுவரைக் காட்டாது. கழற்றிய மேனிஃபோல்டின் துளைகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் முறையும் இன்றைய கசிவைச் சொல்லுமே தவிர, அடுத்த பருவத்தில் கசியுமா என்பதைச் சொல்லாது. அமிலத்தில் ஊறவைத்துத் துருவைக் கரைத்து மறுபடி மாட்டும் பழக்கமும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. துருவோடு சேர்ந்து சுவரின் கனமும் கரைவதாலும், பல இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருதான் என்பதாலும், பொறுப்புள்ள பட்டறைகள் நாளடைவில் அதைக் கைவிட்டன. கடைசியில் நம்பத்தக்கதாக எஞ்சியவை இரண்டே தகவல்கள்: பாகம் மாட்டப்பட்ட ஆண்டு, அது ஓடிய நீர் உப்பா நன்னீரா என்பது.

2000-களின் தொடக்கத்தில் மெர்குரூசர் இஞ்சின்களில் உலர்இணைப்பு எனத்தக்க புதிய வார்ப்பு வந்தபோது இத்தொழிலின் முகம் ஓரளவு மாறிற்று. இதில் ரைசருக்கு ஏறும் தண்ணீர் புகைத்துளையை விட்டு விலகிய தனித் துளைகளில் செல்கிறது, இரண்டுக்கும் நடுவே வெளிக்காற்று படும் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஆகவே இணைப்பு கசிந்தாலும் நீர் இஞ்சினுக்குள் இறங்காமல் வெளியே வழிந்து, கண்ணுக்குத் தெரியும் துருக்கறையாக எச்சரிக்கை தருகிறது. பழைய வார்ப்பின் மிகப் பெரிய குறையான மறைவான கசிவு இதனால் குறைந்தது. ஆயினும் சுவர் உள்ளிருந்து மெலிவது நின்றுவிடவில்லை. உலர்இணைப்பு என்றால் மாற்றவே வேண்டாம் என்று நம்பிய உரிமையாளர்கள் சிலர், பத்து ஆண்டு உப்புநீரில் ஓட்டிவிட்டு, எல்போவின் உட்சுவர் அரிக்கப்பட்ட நிலையில் படகைக் கொண்டுவந்தார்கள். பழைய மேனிஃபோல்டின்மேல் புதிய வகை ரைசரை மாட்ட முடியாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும் செலவைப் பற்றிய வாக்குவாதங்களுக்கு வழிவகுத்தது.

மாற்றும் வேலை காகிதத்தில் எளியது. தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, ரைசரை எடுத்து, மேனிஃபோல்டை இறக்கி, முகங்களைச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கட்டோடு புதியதை ஏற்றி, குறிப்பேடு சொல்லும் முறுக்குவிசையில் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். முழு நாளையும் விழுங்குவது துருப்பிடித்த போல்ட்டுகள்தான். அவசரக்காரர் நீண்ட கைப்பிடியைப் போட்டு ஓங்கித் திருப்புவார், போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும், எஞ்சிய தண்டு இஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை மையம் பிசகாமல் துளைத்தெடுத்து மரையைப் புதுப்பிக்க, மேனிஃபோல்டு மாற்றும் நேரத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பதும், மறுநாள் இறுக்கும் திசையில் சற்றே அசைத்துப் பிறகு தளர்த்துவதும், அசையாததைச் சூடேற்றித் தட்டுவதும் பழகிய கைகளின் வழக்கம். பெட்ரோல் ஆவி தங்கக்கூடிய படகின் அடிவயிற்றில் தீச்சுவாலையைப் பயன்படுத்துமுன் காற்றோட்டம் கொடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்யாதவரை எந்தத் தலைமை மெக்கானிக்கும் அதைப் பற்றவைக்க அனுமதிப்பதில்லை.

புகைவழியின் வெளிப்பாதி வேறோர் உலகம். பின்சுவருக்கும் டிரைவுக்கும் நடுவே மூன்று ரப்பர்த் துருத்திகள் உண்டு: சுழலும் தண்டின் மூட்டுகளைத் தண்ணீரிலிருந்து காப்பது ஒன்று, கியர் கம்பியைக் காப்பது ஒன்று, புகையைக் கடத்துவது ஒன்று. முதலிரண்டில் எது கிழிந்தாலும் படகுக்குள் தண்ணீர் ஏறும், கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்குவதும் உண்டு. புகைத்துருத்தி கிழிந்தாலோ புகை பின்சுவருக்கு வெளியே வெளியேறுமே தவிர, படகு மூழ்காது. இதனால் அதை அலட்சியம் செய்வோர் பலர். ஆனால் கிழிந்த இடத்திலிருந்து வீசும் சூடும் கரியும் பக்கத்தில் இருக்கும் தண்டுத் துருத்தியின் ரப்பரை நாள்பட நலிவிக்கின்றன. வருடம் முழுவதும் உப்புநீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுகளில் துருத்தி மடிப்புகளுக்குள் கொட்டலசு எனப்படும் ஓட்டுயிரிகள் ஒட்டி வளர்ந்து, டிரைவைத் தூக்கும்போதெல்லாம் தம் கூரிய ஓட்டால் ரப்பரை அறுக்கின்றன.

மெர்குரூசரில் புகைத்துருத்தியை மாற்ற டிரைவையே இறக்க வேண்டும். அதைப் பிடித்திருப்பவை ஆறு நட்டுகள். ஆல்ஃபா எனப்படும் டிரைவ் வகையில் கழற்றுமுன் கியரை முன்னோக்கிய நிலையில் வைக்க மறந்தால் உள்ளே கியர்க் கம்பியின் இணைப்பு சிக்கிக்கொள்ளும். டிரைவு வெளிவந்ததும் மணிவடிவ உறையைத் தாங்கும் கீல்முளைகளை அதற்கென்றே உள்ள கருவியால் திருகியெடுத்து, உறையைப் பின்னுக்கு இழுத்தால்தான் துருத்திகள் கைக்கு எட்டும். புதிய புகைத்துருத்தியின் உதடு உறையின் விளிம்பைவிடச் சிறியது. விரிப்பான் என்ற கருவியின் விரல்களை உள்ளே நுழைத்து, உதட்டை விரித்து, விளிம்பின்மேல் ஏற்றிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், ஒரு விரல் பிசகினாலும் உதடு மடிந்துகொள்ளும். கிளாம்பை இறுக்குமுன் அதனடியில் ஒரு சிறு உலோகத் தகட்டைச் செருகுவது வழக்கம். அது கிளாம்பை உறையோடு மின்னிணைப்பில் வைத்து, உப்புநீரில் கிளாம்பு தனித்து அரிக்கப்படாமல் காக்கிறது. பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் அந்தத் தகட்டைப் பார்த்தே வேலை செய்தவர் புதியவரா பழையவரா என்று சொல்லிவிடலாம்.

இந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே, இருமுனையும் கட்டப்படும் துருத்திக்குப் பதிலாக ஒருமுனை மட்டும் கட்டப்படும் நேரான ரப்பர்க் குழாய் வந்தது. டிரைவு தூக்கப்படும்போது அதன் மறுமுனை உறையை விட்டு விலகும், இறக்கும்போது மறுபடி அணைந்துகொள்ளும். மாட்டுவது எளிது, கிழிய மடிப்பு இல்லை. பதிலுக்கு மெதுவாகச் செல்லும்போது சத்தம் சற்றே கூடும். சத்தம் பிடிக்காத உரிமையாளருக்குத் துருத்தியும், அடிக்கடி பட்டறைக்கு வரமுடியாதவருக்குக் குழாயும் என்று பிரித்துக் கொடுப்பதே நடைமுறையில் நிலைத்தது. எதைப் போட்டாலும் டிரைவு இறக்கிய நிலையில் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் சிக்கனம். ரப்பரின் விலை சிறிது, அதை எட்டும் கூலிதான் பெரிது.

பாகங்கள் தனித்தனியாகக் கெடுவதில்லை, ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே கெடுகின்றன என்பதற்கு ஃபிளாப்பர் நல்ல சான்று. எல்போவுக்குக் கீழே குழாய்க்குள் தொங்கும் இந்த மடல், புகையை வெளியே விட்டு, பின்னாலிருந்து அடிக்கும் அலைநீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. சேறு நிறைந்த இடத்தில் ஓட்டி இம்பெல்லர் இதழ்கள் உடைந்தால் நீரோட்டம் நின்றுபோகும். இஞ்சின் சூடாகி எச்சரிக்கை மணி அடிக்க, ஓட்டுபவர் நிறுத்திவிடுவார். புதிய இம்பெல்லர் மாட்டப்படும், படகு ஓடும், எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தண்ணீரின்றி ஓடிய அந்தச் சில நிமிடங்களில் ரப்பர் மடல் உருகிப்போயிருக்கும். மாதங்கள் கழித்து, வேகமாக வந்த படகைச் சட்டென்று நிறுத்தும்போது அதன் பின் எழும் அலையே புகைவழிக்குள் ஏற, தடுக்க மடல் இல்லாமல் இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கும். அப்போது இம்பெல்லர் உடைந்த கதை யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே சூடேறிய படகு எதுவாயினும் குழாய்களைக் கழற்றி மடல்களைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதும், உடைந்த இதழ்களின் துண்டுகளைத் தேடியெடுக்காமல் புதியதை மாட்டக்கூடாது என்பதும் பட்டறையின் எழுதாத சட்டங்கள்.

வடக்கே ஏரிகளில் உப்பின் இடத்தைப் பனி பிடித்துக்கொள்கிறது. மிச்சிகனில் படகுகள் இலையுதிர்காலத்தில் கரையேறி வசந்தம்வரை கொட்டகையில் கிடக்கும். அதற்குள் இஞ்சினிலும் மேனிஃபோல்டிலும் தங்கிய நீரை வடிக்காவிட்டால், உறைந்து பெருகும் பனி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். வடிகால் பிளக்கைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணி மூடிவிடுவது புதியவர்களின் தவறு. உண்மையில் துளையைத் துருவும் மணலும் அடைத்திருக்கும், ஒரு கம்பியை நுழைத்துக் குத்தியதும் பழுப்பு நீர் குபுகுபுவெனக் கொட்டும். அந்தக் கம்பிக்குத்தைத் தவறவிட்ட படகுகள் ஏப்ரல் மாதத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கும்: வெளிச்சுவரில் வெடித்தது கண்ணுக்குத் தெரியும், உட்சுவரில் வெடித்தது முதல் பயணத்தின் மறுநாள் ‘டக்’ ஒலியாகத் தெரியும். காப்பீட்டுக்காரர்களோடு நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரே கம்பியைச் சுற்றியே அமைந்தன.

நீரைப் பற்றிய கவலை இஞ்சினைக் காக்கிறது. புகையைப் பற்றிய கவலை ஆட்களைக் காக்கிறது. பெட்ரோல் இஞ்சினின் புகையில் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு என்பதைப் படகு உலகம் தாமதமாகத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் உள்ள லேக் பவல் நீர்த்தேக்கத்தில் வீட்டுப்படகுகளின் பின்பகுதியில் நேர்ந்த மரணங்களையொட்டி, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு உடல்நல நிறுவனம் அங்கே அளவீடு செய்தபோது, பின்மேடைக்கு அடியிலுள்ள குழிவில் நச்சுவாயு உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சேர்வது தெரியவந்தது. இஞ்சின் ஓடும் படகின் பின்மேடையைப் பிடித்துக்கொண்டு நீரில் இழுபட்டு விளையாடுவதை கலிஃபோர்னியா 2004-இல் இயற்றிய சட்டத்தால் தடைசெய்தது. மெதுவாகச் செல்லும் படகில் துணிக்கூரை போட்டிருந்தால், பின்னால் வெளியேறிய புகை காற்றழுத்தக் குறைவால் திரும்பிப் படகுக்குள்ளேயே இழுக்கப்படும் என்பதும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அதுவரை ஒய் குழாயின் கிளாம்பு சற்றுத் தளர்ந்திருந்தால் ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பட்டறைகள், அதன்பின் ஒவ்வொரு கிளாம்பையும் இரட்டையாகக் கட்டி, கருகிய கோடு தெரியும் குழாயைக் கேள்வியின்றி மாற்றத் தொடங்கின.

2010-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்த வரம்பு, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராமுக்கு மேற்படக்கூடாது என்றது. அதனால் கார்களைப் போலவே படகுகளிலும் வினையூக்கி மாற்றி புகைவழிக்குள் புகுந்தது. சூடாக இருந்தால்தான் வேலை செய்யும் ஒரு பாகத்தை, தொட்டால் சுடக்கூடாத, தண்ணீர்ச் சுவரால் சூழப்பட்ட பெட்டிக்குள் வைப்பது பொறியாளர்களுக்குச் சவாலாக அமைந்தது. மெக்கானிக்குக்கோ அதன் முன்னும் பின்னும் உள்ள ஆக்ஸிஜன் உணரிகள் புதிய சாட்சிகளாக வாய்த்தன. புகைவழியில் நீர்த்துளி ஏறினால் முதலில் சாவது அந்த உணரிதான்; திரையில் தோன்றும் பிழைக்குறியைக் கண்டு உணரியை மட்டும் மாற்றி அனுப்பிய இளைஞர்கள், அதே குறி மீண்டும் வந்தபோது, பழைய மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கில் துருவைத் தேடியது எதற்காக என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

இதற்கிடையே தொழிலின் களமே சுருங்கிவிட்டது. ஸ்டெர்ன்டிரைவுகளைத் தயாரித்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலாக, அதன் டிரைவுகளுக்கு உதிரிபாகம் தேடுவது தனிக்கலை ஆயிற்று. உப்புநீரில் சக்திவாய்ந்த நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள், அதாவது இஞ்சின் முழுவதும் படகுக்கு வெளியே தொங்கும் வகை, ஸ்டெர்ன்டிரைவின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஓடி முடித்ததும் அவுட்போர்டை நீருக்கு மேல் முழுமையாகத் தூக்கி நன்னீரால் கழுவிவிடலாம் என்பது அதற்கொரு முக்கியக் காரணம். நன்னீர் ஏரிகளில், அகலமான பின்மேடையும் விளையாட ஏற்ற அலையும் வேண்டும் என்போரிடையே ஸ்டெர்ன்டிரைவ் இன்னும் வாழ்கிறது. 2015-இல் வால்வோ பென்டா முன்னோக்கிய புரொப்பெல்லர்கள் கொண்ட டிரைவைக் கொண்டுவந்ததும் அலைச்சறுக்கு விளையாடும் அவர்களை மனத்தில் வைத்துத்தான். மேனிஃபோல்டுக்குள்ளும் குளிர்திரவமே ஓடும்படி அமைக்கப்பட்ட முழுமையான மூடிய குளிர்விப்பு, கடல்நீரைப் பெரும்பாலான வார்ப்பிலிருந்து விலக்கிவைக்கிறது; அங்கும் தண்ணீரும் புகையும் கலக்கும் எல்போ மட்டும் உப்புக்கே பலியாகிறது.

ஆகவே பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகை வாங்க வருவோர் இஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியது என்று கேட்பதைவிட, ரைசரும் மேனிஃபோல்டும் எந்த ஆண்டில் மாட்டப்பட்டவை, துருத்திகள் கடைசியாக எப்போது மாறின, படகு எந்த நீரில் வாழ்ந்தது என்ற மூன்றையும் கேட்பதே பயன்தரும். விற்பவருக்கு விடை தெரியாவிட்டால், அம்மூன்றும் மாற்றப்படவே இல்லை என்று கொண்டு விலை பேச வேண்டும். இக்கட்டுரையாளர் பணியாற்றிய பட்டறையில், புதிய ரைசர் மாட்டியவுடன் அதன் பக்கவாட்டில் பெயின்ட் பேனாவால் மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடும் வழக்கம் இருந்தது. ரசீது தொலையும், உரிமையாளர் மாறுவார், மெக்கானிக்கும் மாறுவார். இஞ்சின் மூடியைத் திறக்கும் அடுத்த ஆள் யாராயினும், முதலில் அறிய வேண்டியதை அந்த எழுத்து அவருக்குச் சொல்லிவிடும்.